எல்லோரும் கொளுத்திப் பார்த்த ஒயர்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் உடைந்த டேபிள் ஃபேன் ஒன்று நாலைந்து வருஷமாகக் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் காயலான் கடையில் போட்டுவிட்டு வரச் சொல்லி என் வீட்டுக்காரி ஒரு புதன்கிழமை காலையில் என்னை அனுப்பினாள். போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தால் ஒரு பேஜாரும் இல்லை. கடைக்காரர் ஃபேனைத் தராசில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் குவித்திருந்த துருக் கம்பிகளுக்கு நடுவில் பச்சையாக ஒரு தொப்பி தெரிந்தது. பிடித்து இழுத்தேன். தொப்பிக்குப் பின்னால் கழுத்து வந்தது. கழுத்துக்குப் பின்னால் ஒரு இரும்புப் பாதம், என் கால் கட்டைவிரலில் வந்து இறங்கியது.

பழைய காலத்து மேஜை விளக்கு. எழுத்து வேலை செய்பவர்கள் மேஜையில் வைத்துக்கொள்வார்களே, அது.

"ஃபேனுக்குப் பதிலா இதை எடுத்துக்கிறேங்க" என்றேன்.

"எடுத்துக்கோங்க. ஆனா அது எரியாது."

"ஃபேனும் சுத்தாதுங்க."

"அப்ப ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு" என்றார் கடைக்காரர். இந்த மாதிரி ஆட்கள் பேசுகிற பேச்சுக்காகவே நான் கடைகளுக்குப் போகிறவன். பள்ளிக்கூடத்தில் எட்டு வரைதான் உட்கார்ந்தேன். மிச்சம் எல்லாம் இப்படிக் காது வழியாக வந்ததுதான்.

வீட்டுக்காரி வாசலிலேயே பார்த்துவிட்டாள். "ஒன்னைப் போட்டுட்டு வரச் சொன்னா ஒன்னை எடுத்துகினு வர்றீங்க. காயலான் கடைக்காரரே இதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துகினு போக மாட்டாரு."

"பழைய சாமானுக்கு இப்ப மவுசு ஜாஸ்தி."

"அப்படின்னா கட்டிலுக்கு அடியில இருந்த வரைக்கும் அந்த ஃபேனுக்கும் மவுசுதானா?"

புளியைக் கரைத்து எடுத்துக்கொண்டு விளக்கைத் தேய்க்க உட்கார்ந்தேன். கழுத்து பித்தளை என்று தெரிந்தது. தொப்பி வெளியே பச்சை, உள்ளே வெள்ளை, பீங்கான் பூச்சு. பாதத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தபோது அடியில் ஆங்கில எழுத்து தட்டுப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'மேட் இன்' என்று இருந்தது. அதற்கு மேல் இல்லை. எந்த ஊர் என்று வருகிற இடத்தில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது.

தெருவில் இது ஒரு பேச்சாகிவிட்டது. ஆரணியில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு குறைவு. தறிக்குழியில் கால் மரத்துப்போனவர்கள் எழுந்து நடக்கும்போது யார் வீட்டில் என்ன புதுசு என்று எட்டிப் பார்ப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் குழியைத் தடவிப் பார்த்து ஜெர்மனி என்றார். சாயப்பட்டறைக்காரர், ஜெர்மனி என்றால் இவ்வளவு துருப் பிடிக்காது, இது கல்கத்தா என்றார். என் மச்சான் வந்து செல்போனில் படம் பிடித்துத் தேடிப் பார்த்தான். போன் முதலில் இதைப் பல் டாக்டர் சாமான் என்றது. வேறு பக்கமாகத் திருப்பிப் பிடித்ததும் குளியலறை ஷவர் என்றது. மூன்றாவது தடவை, இதே மாதிரி தொப்பி வாங்க விருப்பமா என்று கேட்டது.

"போனுக்கே தெரியலன்னா இது ரொம்பப் பழசு" என்று எதிர்வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் விளக்கை எரிய வைக்கிற வேலையில் இறங்கினேன். அதற்குப் பின்னால் ஒரு கறுத்த ஒயர் தொங்கியது. இப்போது வருகிற மாதிரி வழவழப்பு இல்லை. மேலே ஏதோ இழை துணி மாதிரி மூடியிருந்தது, அழுக்கும் புகையும் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. நீளம் இரண்டு முழம். முனையில் பிளக் இல்லை, அறுந்திருந்தது. வேறொரு பழைய மிக்ஸியின் பிளக்கோடு கூடிய ஒயர்த் துண்டு வீட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் முடிந்தது.

சேர்ப்பது என்றால் அது என் வேலை. நான் பாவு பிணைக்கிறவன். தறியில் பழைய பாவு தீர்ந்து புதுசு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கான இழை. முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஒயரைச் சீவிப் பார்த்தால் உள்ளே தலைமுடி மாதிரிச் செம்புக் கம்பிகள். பார்த்ததும் மனசு சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. பலகையில் போட்டு, அத்தனை கம்பியையும் வரிசையாகப் பரப்பினேன். எதிரில் மிக்ஸிக் கம்பிகளையும் பரப்பினேன். சாம்பலைத் தொட்டுக்கொண்டேன். ஒன்றுக்கு ஒன்று, இழைக்கு இழை. ஒயருக்குள் கம்பிகள் இரண்டு கொத்தாக வருகின்றன, ஒரு கொத்து இன்னொன்றைத் தொடக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பாவில் ஒரு இழைக்கு இன்னொரு இழை ஆகாது என்றெல்லாம் இல்லை.

ஒரு மணி நேர வேலை. முடிச்சு எங்கே என்று தேடினாலும் தெரியாது. பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன்.

வெடித்த சத்தத்தில் அடுப்படியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. வீட்டுக்காரி வெளியே வந்து என் புருவத்தைப் பார்த்தாள். "ஜெர்மனியா, கல்கத்தாவா, தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, பாதி அரைத்த சட்னியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு அம்மியைத் தேடிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எலக்ட்ரீஷியன் வந்து ஃபியூஸ் போட்டான். பிறகு நான் சேர்த்த இடத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"யாருண்ணா இதைச் சேத்தது?"

"நாந்தான்."

"கைவேலை சூப்பரா கீது. இவ்ளோ நேர்த்தியா ஷார்ட் சர்க்யூட் பண்ணவங்கள நான் பாத்ததே இல்ல." அவன் அந்தத் துண்டை மட்டும் அறுத்து, நினைவுக்கு என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பழைய ஒயரை மொத்தமாகத் தூக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை புது ஒயர் கொண்டு வந்து போடுகிறேன் என்று சொல்லி, விளக்கை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

அப்போதுதான் பஸ்ஸுக்கு வந்த ஒரு அம்மா அதைப் பார்த்தார்.

எங்கள் வீட்டு மூலையில்தான் செய்யாறு கம்பெனி பஸ் நிற்கும். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் அவரும் ஒருவர். ஐம்பது வயசு இருக்கும். பேக்கிங் பிரிவில் வேலை. தினமும் என் வீட்டுக்காரியிடம் "அண்ணி, தண்ணி வந்துச்சா" என்று ஒரு வார்த்தை கேட்பார், பஸ் ஏறுவார், அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்கு அவர் விளக்கைப் பார்த்துக் குனிந்தார். பஸ் வந்தது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அவர் நிமிராமல் கையை மட்டும் ஆட்டி, போ என்று காட்டினார். பஸ் போய்விட்டது.

"அண்ணா, இது எங்க கெடச்சுது?"

"காயலான் கடையிலம்மா."

"எங்கேருந்து வந்த லோடுன்னு சொன்னாங்களா?"

"பத்து எடத்து சாமான் ஒன்னாக் கொட்டிக் கெடக்குது. யாருக்குத் தெரியும்?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு சொன்னார். அவர் அப்பா இங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கிறிஸ்தவக் கோயில் காம்பவுண்டுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அப்பாவிடம் இதே மாதிரி ஒரு விளக்கு இருந்தது. அப்பா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தபோது விளக்கைக் காணவில்லை. வந்தவாசியில் இருக்கிற அக்கா, தங்கச்சிதான் எடுத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம்.

"ஒரு லைட்டுக்காங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

"அப்பா ஞாபகமா ஆளுக்கு ஒன்னு எடுத்துக்கலாம்னு பேசுனோம் அண்ணி. அவங்க லைட்டைக் கேட்டாங்க. நான் சரின்னேன். மறுநாள் தேடுனா லைட்டு இல்ல. இப்ப போன மாசம்தான் அந்தக் குவார்ட்டர்ஸ இடிச்சாங்க. பரண் மேல அப்பாவே முன்னாடியே போட்டு வெச்சிருந்திருப்பாரு போல. இது அதுதான்னா, நான் எடுக்கலன்னு ஆயிடும்." சற்று நிறுத்திவிட்டு, "பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். இந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறாங்க. பெரியம்மா வருவாங்களான்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?" என்றார்.

இது அந்த விளக்குத்தான் என்பதற்கு ஓர் அடையாளம் இருந்தது. அப்பாவின் விளக்கில் ஒயர் பிய்ந்துபோனபோது, அவரிடம் படித்த ஒரு பையனின் தகப்பனார், பட்டு நெய்கிறவர், மிச்சம் இருந்த அரக்குப் பட்டு இழையை எடுத்துவந்து ஒயர் மேல் சுற்றிக் கொடுத்தாராம். அக்காவும் தங்கையும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

அக்காவுக்கு நான்தான் போன் போட்டேன். தங்கை நம்பரைச் சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே நின்றார்.

"உங்க அப்பா லைட்டு கெடச்சிருக்குங்க" என்றேன்.

"யாரு வெச்சிருந்தா?"

"காயலான் கடைக்காரருங்க."

"அவனுக்கு யாரு போட்டா?"

பெரிய ஆள் என்று புரிந்துகொண்டேன். விஷயத்தை முழுசாகச் சொன்னேன். வந்தவாசி பஸ் ஸ்டாண்டு சத்தத்துக்கு நடுவில் அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் காலத்து ஒயரெல்லாம் துணி மூடினதுதான் வரும். கடையில வர்றது நூலு. எங்கப்பாது பட்டு. நீங்க ஆரணிக்காரங்கதானே, பட்டா நூலான்னு பாத்துச் சொல்லுங்க. ஒருத்தர் சொன்னா நம்ப மாட்டேன், நாலு பேரு சொல்லணும். பட்டுன்னா ஞாயித்துக்கிழமை வரேன்" என்று வைத்துவிட்டார்.

ஆரணிக்காரர்களிடம் ஒரு இழையைக் கொடுத்துப் பட்டா என்று கேட்டால் நாங்கள் ஒன்றுதான் செய்வோம். கண்ணால் பார்க்க மாட்டோம். கண் ஏமாற்றும். இழையை உருவி, நெருப்புக் காட்டி, மூக்கில் வைப்போம். மயிர் கருகுகிற வாசனை வந்து, கருகினது விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாசனை வந்தால் நூல். உருகி மணி மாதிரி ஒட்டிக்கொண்டால் போலி. பிறந்த பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி எங்களுக்கு இது.

சனிக்கிழமை காலையில் ஒயரைக் கழற்றிப் பலகையில் வைத்தேன். முதல் இழையை நான் உருவினேன். தீக்குச்சி கிழித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மயிர் கருகுகிற வாசனை நன்றாக வந்தது.

"பட்டு" என்றேன்.

"அது உன் மீசை" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு மீசை கிடையாது, அதனால் அவர் கொளுத்தினார். அவர் உருவியது இழையோடு கொஞ்சம் ரப்பரையும் சேர்த்து. வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். லாரி டயர் எரிகிற நாற்றம். அது அடங்க அரைமணி நேரம் ஆனது. திரும்பி வந்து, ரப்பர் ஒட்டாமல் சுத்தமாக உருவி மறுபடி கொளுத்தினார். "பட்டு மாதிரிதான் இருக்குது. ஆனா என் மூக்குல இன்னும் டயரு இருக்குது. என் பேச்சை எடுத்துக்காதீங்க" என்று நியாயமாகச் சொன்னார்.

அதற்குள் சாயப்பட்டறைக்காரர் வந்தார். மேல் இழையை மட்டும் பார்த்தால் போதாது, உள் இழை நூலாக இருக்கும், மேலே மட்டும் பட்டு காட்டி ஏமாற்றுகிறவன் எத்தனை பேர், அடியில் இருந்து எடுக்க வேண்டும் என்றார். ஒரு சாண் ஒயரைத் தோண்டி அடி இழையை எடுத்தார். பட்டு என்றார். அப்படியானால் மறுமுனையில் எப்படி என்று இன்னொருவர் கேட்டார். ஒரு புடவைக்கு முந்தியைப் பார்த்துவிட்டு உடம்பை நம்ப முடியுமா. மறுமுனையில் ஒரு சாண் போனது. நடுவில் எப்படி என்று இன்னொருவர். அது போனது. ஒருத்தர் சோதித்ததை இன்னொருத்தர் ஒத்துக்கொள்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. தன் மூக்கில் படாதவரை அது அடுத்தவன் பட்டு. சாப்பாட்டு நேரத்துக்குள் ஏழு பேர் கொளுத்திவிட்டார்கள். அந்த அம்மா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றிருந்தார். ஒவ்வொருவரும் முகர்ந்து பார்க்கும்போது அந்த அம்மாவின் கண் முகர்கிறவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொருவரும் "பட்டுதாம்மா" என்று சொல்லும்போது புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். புகையும் ஒரு காரணம்.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஒரு சாண் ஒயரை வெட்டி எடுத்து, அக்கா வந்தால் காட்டுவதற்கு என்று, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினேன். மிச்சத்தில் இருந்தது வெறும் ரப்பரும் கம்பியும்தான். சாம்பலை எல்லாம் கூட்டி ஒரு சில்வர் தட்டில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்தான். வெள்ளை பிளாஸ்டிக் ஒயர் போட்டான், புது ஹோல்டர் போட்டான், எல்இடி பல்பைத் திருகினான். விளக்கு எரிந்தது. பகல் வெளிச்சத்தில் எரிந்தாலும் எரிந்தது எரிந்ததுதானே. தொப்பிக்கு அடியில் வெள்ளையாக ஒரு வட்டம் மேஜையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்.

"கடை ஒயர்ல துணி பின்னியிருக்கும்ணா, சடை போட்ட மாதிரி. உங்க கதைப்படி கையில சுத்தினதுன்னா ஒரே பக்கமா சுத்தியிருக்கும். இது பின்னியிருந்துச்சா, சுத்தியிருந்துச்சா? பாத்தாலே தெரிஞ்சிருக்குமே."

நான் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சாயப்பட்டறைக்காரரைப் பார்த்தார். ஏழு பேர், ஆளுக்கு முப்பது நாற்பது வருஷம் இழையிலேயே கிடந்தவர்கள். உருவினோம், கொளுத்தினோம், முகர்ந்தோம். ஒருத்தர்கூட ஒயரைப் பார்க்கவில்லை.

"இரு, ஒரு சாண் எடுத்து வெச்சிருக்கேன்" என்று உள்ளே ஓடினேன். சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். சிலந்திக் கூடுதான் இருந்தது.

"இங்க இருந்த ஒயரு?"

வீட்டுக்காரி அடுப்படியில் இருந்து நிதானமாகத் தலையை நீட்டினாள். "பட்டுதான். சந்தேகமே இல்ல."

"உன்னை யாரு கேட்டா?"

"யாருமே கேக்கல. அதான். எல்லாரும் பாத்தீங்க, நான் பாக்க வேணாமா? நான் தினம் தறிக்குத் தார்க்குச்சியில இழை சுத்துறேன், உங்க எல்லாரையும் விட என் விரல்லதான் அதிகப் பட்டு ஓடுது. கேஸ் அடுப்புல காட்டினேன். நல்ல பட்டு. அரக்குச் சாயந்தான், கழுவினா தெரிஞ்சுது."

"கழுவி வேற பாத்தியா? பின்னியிருந்துச்சா, சுத்தியிருந்துச்சா?"

அவள் யோசித்தாள். "கொழம்பு கொதிச்சுகினு இருந்துச்சுங்க" என்றாள்.

பதினோரு மணிக்கு, கோயில் முடிந்த கையோடு, தங்கை வந்துவிட்டார். வெள்ளைப் புடவை, கையில் பைபிள். ஓலை வாசித்தாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் மறுபடி பெரியம்மாவைக் கேட்டார்கள் என்றார். நான் அவரிடம் ஒயர் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாம்பல் தட்டைப் பார்த்தார். பைபிளோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வந்தவாசி பஸ்ஸில் அக்கா இறங்கினார். தங்கையைப்போல இரண்டு மடங்கு, கையில் குடை, தோளில் பை. தங்கை இருக்கிற பக்கம் திரும்பவே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "எங்க ஒயரு?" என்றார்.

நான் தட்டை நீட்டினேன்.

"இது இன்னா?"

"ஒயருங்க."

அவர் தட்டை வாங்கி இப்படி அப்படி ஆட்டிப் பார்த்தார். "நான் ஒயரைப் பாத்துச் சொல்லச் சொன்னேன். நீங்க அதுக்குக் காரியமே பண்ணி வெச்சிருக்கீங்க."

"எட்டுப் பேரு சாட்சிங்க. நீங்க நாலு பேருதான் கேட்டீங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். சாயப்பட்டறைக்காரர் சாம்பலை விரலில் எடுத்துப் பொடித்துக் காட்டினார். நூலாக இருந்தால் இப்படிப் பொடியாது என்றார். அக்கா அவர் விரலைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார், பிறகு எழுந்து விளக்கிடம் போனார். கழுத்தை மடக்கினார், நிமிர்த்தினார். ஸ்விட்சைப் போட்டார், அணைத்தார்.

"எங்கப்பா லைட்டு இதைவிடப் பெருசு."

எல்லோரும் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தார். அதுவும் என்னிடம். "அப்ப அவங்க சின்னவங்கன்னு சொல்லுங்கண்ணா."

"நான் இன்னா சின்னவ? அப்பவே ஒன்பதாவது படிச்சேன்னு சொல்லுங்க" என்றார் அக்கா, அவரும் என்னிடம்.

"மேஜை மேல தலை வெச்சித் தூங்கறவங்களுக்கு லைட்டு பெருசாத்தான் தெரியும்."

"யாரு தூங்கினது? பூகோளத்தைத் தொறந்தா நீதான் தூங்குவ." சொல்லும்போது அக்கா திரும்பிவிட்டார். நேராகத் தங்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. எனக்கு இனி வேலை இல்லை என்று நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

பிறகு அக்கா, குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே, "நீ எடுக்கலன்னா அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

"பதினோரு வருஷமா அதைத்தானே சொல்லிகினு இருக்கேன்."

"யாருகிட்ட சொன்ன?"

"எல்லாருகிட்டயும் சொன்னேன். பாஸ்டரம்மாகிட்ட சொன்னேன். சித்தப்பாகிட்ட சொன்னேன். கம்பெனி பஸ்ஸுல சொன்னேன். உன் வீட்டுக்கு எதிர்ல இருக்கிற டைலருகிட்ட கூட சொன்னேன்."

"எங்கிட்ட எங்க சொன்ன?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். பேச்சே இல்லாதவரிடம் எப்படிச் சொல்வது. இரண்டு ஊருக்கும் தெரிந்திருந்தது, சொல்ல வேண்டிய ஒருத்தரைத் தவிர.

"நீ வித்துட்டதா எங்கிட்ட சொன்னது நாலு பேரு. நான் எடுக்கலக்கான்னு நீ வந்து நிக்கல. சரி, இப்ப சொல்லு."

"இப்பவா? இத்தனை பேரு எதிர்லயா?"

"இத்தனை பேருகிட்ட சொன்னவதானே. சொல்லு."

தங்கை பைபிளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நான் எடுக்கலக்கா" என்றார்.

"சரி" என்றார் அக்கா.

அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "அப்ப பட்டா நூலான்னு?" என்று கேட்டார். அக்கா அவரைப் பார்த்து, "அது நீங்கதானே கொளுத்துனீங்க, நீங்களே வெச்சிக்கோங்க" என்று சாம்பல் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார். அவரும் என்ன செய்வது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

வீட்டுக்காரி எல்லோருக்கும் டீ போட்டாள். கல்யாணம் எந்தக் கோயிலில், மாப்பிள்ளை எங்கே வேலை, தெள்ளார்க்காரங்களா, அவங்க அம்மா எப்படிப் பேசுவாங்க என்று அக்கா விசாரிக்க ஆரம்பித்தார். தங்கைக்குப் பதில் சொல்லி மாளவில்லை. பதினோரு வருஷத்தையும் ஒரு டம்ளர் டீக்குள் அடைத்தாக வேண்டுமே. விளக்கு மேஜையில் எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரில் ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டீ டம்ளரைக் கீழே வைக்கும்போது அக்கா ஏதோ நினைவுக்கு வந்த மாதிரி நிமிர்ந்தார்.

"அது சரி, அப்ப அம்மா தையல் மிஷினு?"

தங்கை என் வீட்டுக்காரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார்.

"அது எங்க வீட்டுலதான் இருக்குது" என்றார் தங்கை.

"எத்தினி வருஷமா?"

"அதே பதினோரு வருஷமா."

அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தலையை மட்டும் திருப்பி, "கல்யாணத்துக்கு வரும்போது எடுத்துகினு போறேன். எண்ணெய் போட்டு வை" என்றார்.

"சரிக்கா. ஆட்டோ வெச்சிகினு வா, கனமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தங்கை பின்னால் ஓடினார், பஸ் ஏற்றிவிட.